தலையெழுத்தா, தரையெழுத்தா?

மக்கு, மண்டு, மரமண்டை, களிமண் தலை! படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குப் பட்டம் வழங்குவதில் நம் நாடு என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஆசிரியர் ஒன்று தருவார். அண்டை வீட்டார் ஒன்று தருவர். ஆத்திரத்தில் பெற்றவளே ஒன்று தந்துவிட்டு, இரவில் அதை எண்ணி அழுவாள். பட்டங்கள் பலவாயினும், காரணம் கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: "அவன் தலையெழுத்து!"

எழுதியது யார், எந்த மையில், எந்த மொழியில் என்று கேட்டால், கேட்டவனைக் குதர்க்கக்காரன் என்பர். போகட்டும். தலையில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்த எழுத்தை இதுவரை படித்துக் காட்டியவர் எவருமில்லை. ஆனால், பிள்ளை தவழும் தரையிலே ஓர் எழுத்து இருக்கிறது. அதைப் படிக்க முடியும். ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். முயன்றால் அழிக்கவும் முடியும். அந்த எழுத்தின் பெயர் ஈயம்.

ஈயம் என்றதும் தஞ்சைத் தரணியின் அடுக்களைகளில் ரசம் மணக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், தூயதாயின் தீங்கு செய்யாது. நான் குறிப்பது காரீயத்தை. கனமானது, மென்மையானது, மலிவானது, அடுப்புத் தீயிலேயே உருகி ஓடுவது. இத்தனை வசதிகளும் உள்ள அந்த உலோகம், மனித உடலுக்கு எள்ளளவும் தேவைப்படாத நஞ்சு. ஒரே பெயரில் உலவுவதால், எது எதுவென்று அறியாமல் அதனை வீட்டுக்குள் வைத்து வாழ்கிறோம்.

நாகூரில் பிறந்தவன் நான். அவ்வூரிலேயே முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன். வெட்டாறு கடலில் கலக்கும் அந்த ஊரில், வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். அவர்களுள் ஒருவன், வயது ஏழிருக்கும். சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் மறந்துவிடுவான். ஓரிடத்தில் இருக்க மாட்டான். முகம் வெளுத்திருக்கும், வயிற்றுவலி என்று வாரத்துக்கு ஒருமுறை அழுவான். கழுத்திலே ஒரு தாயத்து, மணிக்கட்டிலே மந்திரித்த கயிறு, இடுப்பிலே இன்னொன்று. எல்லா மதத்தின் காப்பும் அவனுக்கு இருந்தது. பாடம் மட்டும் ஏறவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. மேலே இரும்புச் சட்டி. சட்டிக்குள் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தது உருகிய ஈயம். அருகே உடைத்துப் போட்ட பழைய மின்கலப் பெட்டிகள்; அவற்றின் அமிலத்தைக் குடித்த மணல். பாட்டனார் அகப்பையால் அள்ளி அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகள்! வகுப்பிலே ஐந்தும் மூன்றும் எத்தனை என்று சொல்லத் தடுமாறுகிற என் மாணவன், ஆறிய குண்டுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். கயிற்றில் இறுகாத குண்டைப் பல்லால் கடித்து இறுக்கினான். அவன் தங்கை அந்த மணலிலே அமர்ந்து விரல் சப்பிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, இந்த அடுப்பை வீட்டைவிட்டு அப்பால் கொண்டுபோகக் கூடாதா? பிள்ளைகளுக்கு ஆகாதே" என்றேன்.

அவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, அறுபது வருசமா காய்ச்சுறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

அந்தச் சிறுவனின் குருதியில் ஈயம் இருந்ததா? எவரும் சோதிக்கவில்லை. தாயத்துக்கு வழிசொல்லப் பத்துப் பேர் இருந்தனர்; ஒரு சொட்டுக் குருதியை எடுத்துப் பார் என்று சொல்ல ஒருவருமில்லை. என் நெஞ்சைக் குடைவது அதுதான்.

பெரியவர் கேட்ட கேள்வியை எள்ளி நகையாட நான் ஒப்பேன். நியாயமான கேள்வி அது. விடையும் அதற்கு உண்டு. பிள்ளை என்பது சிறிய உருவில் இருக்கும் பெரியவர் அன்று. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைப் பிள்ளையின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்கிறது உலக நல்வாழ்வு நிறுவனம். ஏன்? ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேடம் பூண்டு நுழைகிறது. வளரும் எலும்பு சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்குகிறது. வேடதாரியை விருந்தாளி என்றெண்ணிக் கதவைத் திறந்துவிடுகிறது. எலும்பிலே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் ஈயம், குருதிவழியே மூளையையும் அடைகிறது. பெரியவரின் மூளை கட்டி முடித்த வீடு; பிள்ளையின் மூளையோ கட்டிக்கொண்டிருக்கும் வீடு. கட்டும்போது பெயர்த்த செங்கல்லைப் பின்னர் எடுத்து வைப்பது எளிதன்று.

இன்னொன்றும் கேளுங்கள். இரும்புச் சத்துக் குறைந்த உடல் ஈயத்தை மேலும் விரைந்து ஏற்கும். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர். வறுமை வாயிலைத் திறந்து வைக்கிறது. நஞ்சு வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. வேளைக்குக் கீரையும் முட்டையும் உண்ணும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பங்கு தீங்கென்றால், வெறுஞ்சோற்றில் வளரும் பிள்ளைக்கு அதனினும் மிகுதி. நஞ்சும்கூட ஆளைப் பார்த்தே அடிக்கிறது!

வலைக்குண்டால் இவ்வளவு விளையுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு கடற்கரையைக் காட்டுகிறேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனிகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் ஓரத்தில், தியாரோய் சுர் மேர் என்றோர் ஊர். அங்கும் கொல்லர்கள் பழைய மின்கலங்களை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்த்தனர். ஆண்டுதோறும் ஈயத் துணுக்குகள் மணலில் கலந்தன. ஈயத்தின் விலை ஏறியதும், ஏழைப் பெண்கள் அந்த மணலை அள்ளிச் சலித்து, துணுக்கைப் பொறுக்கி விற்கத் தொடங்கினர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அந்த ஒரு பகுதியில் 18 குழந்தைகள் மாண்டனர். வலிப்பு கண்டது, மயக்கம் வந்தது, மூச்சு நின்றது. மண்ணை ஆய்ந்தபோது, சில இடங்களில் ஒரு கிலோ மண்ணில் 300 கிராம் அளவுக்கு ஈயம் இருந்தது. பத்தில் மூன்று பங்கு நஞ்சாகிப்போன மண்ணில் விளையாடிய மழலைகள்! அவர்கள் தலையில் எவரும் எழுதவில்லை, காலடியில் கொட்டினர்.

சாவு வந்தால்தான் தீங்கென்று கொள்ள வேண்டா. கொல்லாத அளவு ஈயம் செய்யும் கொடுமைக்குச் சான்று கூறியது ஒரு பால்பல். நம் ஊரில் பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எர்பர்ட் நீடில்மன் என்னும் குழந்தை மருத்துவர் அந்தப் பற்களைத் திரட்டினார். எலும்பைப்போல் பல்லும் ஈயத்தைச் சேமித்து வைக்கும் கருவூலம் அன்றோ! பல்லில் ஈயம் மிகுந்திருந்த பிள்ளைகளின் அறிவுத்தேர்வு மதிப்பெண் குறைந்திருந்தது. "கவனமில்லை, சொன்னதைச் செய்வதில்லை" என்று ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே மிகுதியாகக் குறித்திருந்தனர். 1979 இல் இதனை அவர் வெளியிட்டார். பின்னர் அவர்மீது முறைகேட்டுப் பழி சுமத்தினர், விசாரித்தனர், பழி நிலைக்கவில்லை, உண்மை நிலைத்தது. அந்த ஆய்வைப் பற்றிப் படித்த நாளில், என் வகுப்பில் நான் கேட்ட பட்டங்கள் அத்தனையும் என் செவியில் மீண்டும் ஒலித்தன.

அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்க இடமில்லை. ஜார்ஜ் அறக்கட்டளை 1990 களின் இறுதியில் சென்னை, பெங்களூர், மும்பை, தில்லி உள்ளிட்ட பெருநகரங்களில் நடத்திய சோதனையில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்க்கு, குருதியின் ஒரு டெசிலிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 பள்ளிப் பிள்ளைகளை ஆய்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி அளவு 11.4. ஈயம் கூடக்கூட, கவனச் சிதறலும் அச்சமும் பழகுவதில் இடரும் கூடின. அமெரிக்கா 2021 முதல் நடவடிக்கைக்குரிய அளவாகக் கொள்வது 3.5. தீங்கற்ற அளவென ஒன்று கண்டறியப்படவே இல்லை என்கிறது உலக நல்வாழ்வு நிறுவனம்.

நகரத்து மண்ணில் ஈயம் வந்த வழி எது? பெட்ரோலில் ஈயம் கலந்தால் வண்டிப்பொறி அதிராமல் ஓடும் என்று 1921 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தனர். பொறி நலமாக ஓடியது; புகைவழி வந்த நஞ்சு சாலையோரம் எங்கும் படிந்தது. இந்தியா முழுவதும் அந்தப் பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாள் ஒழிந்தது. உலகிலிருந்து முற்றாக ஒழிந்தது 2021 இல். புகை போய்விட்டது, படிந்த ஈயம் போகவில்லை. வாழைத்தோல் மட்கும்; சாணம் எருவாகும்; ஈயம் மட்காது, ஆவியாகாது. பாட்டன் காலத்துத் தூசி பேரன் விரலில் ஒட்டும். அதனோடு, சுவரிலிருந்து உதிரும் பழைய வண்ணப்பூச்சு, படகைச் சுரண்டும்போது கரைமணலில் சிந்தும் செதில், பழைய மின்கலம் உடைக்கும் கொட்டகை எல்லாம் சேர்கின்றன. கண்ணுக்குக் குளிர்ச்சியென்று குழந்தைக்குத் தீட்டும் சுருமாவிலும் ஈயமே பெரும்பங்காக இருக்கக் கண்டுள்ளனர். விளக்குக் கரியில் பாட்டி கூட்டும் மை வேறு. கடைச் சுருமா வேறு.

அப்படியாயின், குண்டு வார்க்கும் மீனவர் குற்றவாளியா? அல்லவே அல்ல! கடலோடு போராடி நமக்கு மீன் தருபவர், மலிவான பொருளால் தம் வலைக்குக் கனம் சேர்க்கிறார். நஞ்சில்லாத குண்டை மலிவு விலையில் அவர் கையில் சேர்ப்பது அரசின் கடன். சுடுமண்ணால் குண்டு செய்து வலையில் கோத்த காலமும் உண்டு. ஈயமின்றி மீன் பிடிக்கவே இயலாது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

ஆகாத காரியமா இது? அண்டை நாடான வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட்டு என்னும் சாயம் கலந்தனர். 2019 இல் அங்காடி மாதிரிகளில் நூற்றுக்கு 47 இல் ஈயம் இருந்தது. ஆய்வாளர் எடுத்துரைத்தனர், அரசு சோதித்தது, தண்டித்தது, ஏடுகள் எழுதின. 2021 இல் அந்த எண் சுழியாயிற்று. இரண்டே ஆண்டுகள்! வேண்டுதல் செய்யாததை விழிப்பு செய்தது. இந்தியாவிலும் 2016 இன் விதிகள், வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென வரையறுத்து, 2017 நவம்பர் முதல் நடப்புக்கு வந்தன. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதனைத் தெருவுக்கு இழுத்துவர வேண்டியவர் யார்?

இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். தெருமுனையில் மின்கலம் உடைக்கும் கொட்டகை எது, அதனருகே பிள்ளைகள் பயிலும் பள்ளி எது என்று குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கதவைத் தட்டுங்கள். நாகையில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. சோகைக்குக் குருதி எடுக்கும் போதே ஈயத்தையும் அளப்பது, அங்கும் எங்கும் வழக்கமாக வேண்டுமென்று கேளுங்கள். வீடுதோறும் சென்று தாய்மாரிடம் சொல்லுங்கள்: உருக்கும் அடுப்பு பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடாது, வேலைத் துணியோடு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது, உண்ணுமுன் கை கழுவ வேண்டும், உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பும், ஈரத்துணியால் துடையுங்கள், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முள்ளோடு மெல்லும் நெத்திலியும் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை ஒரு பிள்ளையை மக்கு என்று அழைக்க நா எழும்போது, அதனை அடக்கிக்கொண்டு, "உன் வீட்டுக் கொல்லையில் என்ன காய்ச்சுகிறார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, ஆயிரம் தாயத்து காக்காத பிள்ளையைக் காக்கக்கூடும். விதி என்று கைகட்டி நின்றது போதும். குனிந்து மண்ணைப் பார்ப்போம்!