நூல் விலையும் ஒரு காதலும்

மத்ரஸாவில் பாடம் சொல்லும் ஒருவர் காதல் கதையைப் புகழ்ந்து எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பெரும்பாலான காதல் கதைகளில் இருவர் மட்டுமே வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு அடுப்பு எதனால் எரிகிறது, அவர்கள் உடுத்தும் ஆடை யாருடைய உழைப்பு என்ற கேள்வியே எழுவதில்லை. அத்தகைய கதைகளில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் தொ.மு.சி. ரகுநாதன் எழுதி 1953-ஆம் ஆண்டு வெளிவந்த 'பஞ்சும் பசியும்' நாவலை, கல்லூரியில் கலைப்பட்டம் பயின்ற நாள் முதல் விரும்பிப் படித்து வருகிறேன்.

அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளரின் கதை அது. நொடித்துப்போகும் கைலாச முதலியாரின் மகன் மணி. செல்வரான தாதுலிங்க முதலியாரின் மகள் கமலா. இவ்விரு உள்ளங்களுக்கும் இடையே நிற்பது சாதியன்று, நூலின் விலை. கைத்தறி நெசவாளர் தாமே நூல் நூற்பதில்லை. ஆலையில் நூற்ற சிட்டா நூலை வாங்கியே நெய்கின்றார். நூல் பதுக்கப்பட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு அணையும். கைலாச முதலியார் தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்.

இது வெறும் கற்பனைத் துயரமன்று. அதே 1953-இல்தான் நெசவாளர் துயர் துடைக்க அறிஞர் அண்ணா திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். ஆலைத் துணி மீது கூடுதல் தீர்வை விதித்துக் கைத்தறிக்கு உதவ மத்திய அரசு சட்டம் இயற்றியதும் அவ்வாண்டிலேயே.

ஆலைத் தொழிலைப் பின்னணியாகக் கொண்ட காதல் கதை ஆங்கிலத்திலும் உண்டு. எலிசபெத் காஸ்கெல் அம்மையாரின் 'நார்த் அண்டு சவுத்' 1855-இல் நூலாயிற்று, 2004-இல் பி.பி.சி. அதனை நான்கு பகுதித் தொடராக்கியது. மான்செஸ்டரை ஒத்த நகரில் ஆலை முதலாளிக்கும், பாதிரியார் பணியைத் துறந்தவரின் மகளுக்கும் அரும்பும் காதல் அது. எனினும் என் நெஞ்சில் நிற்பவள் பெஸ்ஸி என்னும் தொழிலாளப் பெண். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து இளவயதிலேயே மாள்கிறாள். தூசியை வெளியேற்றும் சக்கரத்துக்கு 500, 600 பவுன் செலவாகும், இலாபமும் தராது என்பதால் பல முதலாளிகள் அதைப் பொருத்தவில்லை! பின்னர் அந்தக் கதாநாயகன் தொழிலாளருக்கென உணவுக்கூடம் அமைத்து, அவர்களுடன் அமர்ந்து உண்ணும் அளவுக்கு மனம் மாறுகிறான்.

அயோத்தியாப்பட்டணத்தில் வாழும் எனக்கு இவை அயலார் கதைகளாகத் தோன்றவில்லை. சேலம் வட்டாரத்தில் தறியோசை இன்றும் கேட்கிறது. கூலி ஒழுங்காகக் கிடைக்கும் மாதம் பார்த்து மகளின் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும் பெற்றோரை நான் அறிவேன். நூல் விலை ஏறியதால் தள்ளிப்போன திருமணங்களையும் அறிவேன்.

பிள்ளைகள் காதல் கதை படிக்கின்றனரே என்று பெற்றோர் சிலர் என்னிடம் வருந்துவதுண்டு. புத்தகத்தைப் பறித்தால் ஒளித்துவைத்துப் படிப்பார்கள். அதைவிட, நல்லதொரு கதையை நீங்களே கையில் கொடுங்கள். மணிக்கும் கமலாவுக்கும் என்னவாகும் என்ற ஆவலில்தான் பக்கங்களைப் புரட்டுவார்கள். புரட்டப் புரட்ட நெசவாளர் வீட்டுப் பசியையும் அறிந்துகொள்வார்கள். பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்கும்போது, "இதை நெய்தவர் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் புதுத்துணி உண்டா, அத்தா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், படித்த கதை வீண்போகவில்லை என்று மகிழுங்கள்.