அடக்க விலை பூஜ்யம்

காமர்ஸ் படிக்கிற எல்லாருக்கும் முதல்லயே மண்டையில ஏத்திடுறாங்க: அடக்க விலை, அதுக்கு மேல லாபம், ரெண்டையும் கூட்டினா விற்பனை விலை. சரி, அடக்க விலையே பூஜ்யமா இருந்தா? இங்கிலாந்துல ஒரு சாரிட்டி ஷாப்ல சனிக்கிழமை தோறும் சம்பளமில்லாம நான் பார்க்கிற வேலை அதுதான். பின்னறையில உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுறது.

தெரியாதவங்களுக்காக: ஜனங்க தானமா கொடுக்கிற துணி, புத்தகம், பீங்கான் எல்லாத்தையும் வித்து, வர்ற காசைத் தொண்டு வேலைக்கு அனுப்புற கடை. ஆக்ஸ்ஃபாம் 1947-லயே ஆக்ஸ்ஃபோர்டு பிராட் ஸ்ட்ரீட்ல இப்படி ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க.

மூட்டையைப் பிரிச்சா முதல் வேலை மூக்குக்குத்தான். (விவரம் வேண்டாம், சாப்பிட்டுட்டு இருப்பீங்க.) கிழிசல், சாயம் போனதெல்லாம் தனியா கட்டி வச்சா, பழந்துணி வியாபாரி எடைக்கு எடுத்துக்குவார். மிச்சம் ஆவி இஸ்திரி போட்டு ஹேங்கருக்குப் போகும்.

கொடுக்கிறவர் வரி கட்டுறவரா இருந்து கையெழுத்தும் போட்டா, 'கிஃப்ட் எய்ட்'னு 1 பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கம் சேர்த்துத் தரும். ஆனா அது பணமா கொடுக்கிற நன்கொடைக்குத்தான். அதனால பொருள் அவரோடது, நாங்க ஏஜென்ட், வித்த காசை அவர் நன்கொடையா கொடுக்கிறார்னு கணக்கு. நம்ம கன்சைன்மென்ட் பாடமேதான் மக்களே! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது இங்கதான் புரிஞ்சுது.

எனக்கு உறுத்துறது இந்தக் குளிர்கால கோட்டுங்கதான். ஒரு அம்மா பையனோட வந்தாங்க. 12 பவுண்டு கோட்டைப் போட்டுப் பார்த்து, 8-க்குத் தருவீங்களான்னு கேட்டாங்க. பேரம் கிடையாதுங்கிறது கடை விதி. பையன் தானாவே கழட்டி மாட்டிட்டுப் போயிட்டான். மேனேஜர்கிட்ட கேட்டா, "குறைக்கிற ஒவ்வொரு பவுண்டும் வேற யாரோ நோயாளியோட காசு. சீப்பா ஒட்டினா, வாங்கிட்டுப் போய் இன்டர்நெட்ல விக்கிறவன்தான் முதல்ல வருவான்"ங்கிறார். அவர் சொல்றதும் நிஜம்தான், அந்த ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். ஆனா வயசுவந்தவங்க ஜாக்கெட்டும் குழந்தை கோட்டும் ஒண்ணா? அடுத்த குளிர்காலத்துக்கு அந்தப் பையனுக்கே அது பத்தாது.

குழந்தைங்க கோட்டுக்கு மட்டும் 5 பவுண்டுக்கு மேல வேண்டாம்னு அவரோட வாதாடிட்டிருக்கேன். இந்த வாரம் வந்த மூணு கோட்டும் சீட்டு ஒட்டாம அவர் மேஜை மேலதான் கிடக்கு.