காய்ச்சல்தானே என்று கடந்துவிடாதீர்கள்!



பொன்னேரி, பழவேற்காட்டு வட்டாரங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு நம் பிள்ளைகள் பலர் வேலைக்குச் செல்கின்றனர். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த வெல்டர் ஒருவருக்குக் குளிர்காய்ச்சலும் இருமலும் கண்டன. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் உண்டார். சற்றுத் தணிந்ததும், கூலி போய்விடுமே என்றஞ்சி வேலைக்குத் திரும்பினார். பத்தாம் நாள் மூச்சுத் திணறலும் இரத்தம் கலந்த சளியும் வந்தன. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் குழி தெரியவே, காசநோய் என்று குடும்பமே கலங்கிற்று. பரிசோதனையிலோ காசக் கிருமி இல்லை!

நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம் மருத்துவர் விளக்கினார். நிமோகாக்கஸ் என்னும் சாதாரண நிமோனியாக் கிருமியே காரணமாம். 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கிருமி அது. பலரது மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். நுரையீரலில் இறங்கி நோய் செய்தாலும், உரிய மருந்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர். மிகச் சிலருக்கே அழற்சி முற்றி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் எட்டாத பகுதி மடிந்து அழுகிக் குழியாகிறது. நுரையீரல் உறைக்குள் சீழ் கோத்தால் குழாயிட்டு வடிக்க வேண்டும். மருந்தும் வாரக்கணக்கில் நீளும்.

அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்தார். ஆனால், இரண்டு மாதம் அடுப்பெரிய ஜமாஅத்தின் பைத்துல்மால்தான் கைகொடுத்தது.

வெல்டிங் புகையைச் சுவாசிப்போரை இக்கிருமி எளிதில் தாக்கும். ஆகவே, அப்புகையில் இடைவிடாது உழைப்போருக்குத் தடுப்பூசி இடுவதைப் பரிசீலிக்குமாறு பிரிட்டனின் அரசு வழிகாட்டி கூறுகிறது. நம் தொழிலாளரும் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்கலாமே!

தாய்மார்களே! குழந்தைகளுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி தமிழகத்தில் 2021 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக இடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் ஆகிய மூன்று தவணைகளையும் தவறவிடாதீர்கள். இருமும் குழந்தை அமைதியாக இருக்கையில் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40 என்னும் அளவை எட்டினால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். பெரியவர்களுக்குக் காய்ச்சல் தணிந்து மீண்டும் ஏறினாலும், நெஞ்சில் குத்தல் இருந்தாலும் தாமதம் கூடாது.

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியுள்ளான் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இறைவன் விட்ட வழி என்றிருப்பது தவக்குல் ஆகாது. உழைத்து உண்ணும் நம் மக்களின் மூச்சை வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.