பருவதமலைக்குப் போகும் முன்

மார்கழி, அமாவாசைக்கு மறுநாள்

பருவதமலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எப்போது, எந்த வழியாக என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓயவில்லை. தங்கை மகள் பௌர்ணமி இரவில் ஏற வேண்டும் என்கிறாள். “நைட்ல ஏறினா வெயில் தெரியாது பெரிம்மா. நிலா வெளிச்சம் இருக்கும், ஜனம் இருக்கும், பயமே இல்ல.”

எங்கள் ஊர் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்த கூட்டத்தை இன்று காலையில்தான் பேருந்துகள் ஏற்றிக்கொண்டு போயின. மாதம் தவறாமல் நள்ளிரவில் அங்காளம்மன் வாசலில் நெருக்கியடித்து நிற்கும் ஜனத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மேல்மலையனூரின் சமதளத்திலேயே அந்த நெரிசலில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. 4,500 அடிக்கு மேல் உயரமுள்ள மலையில், ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலியைப் பிடித்து ஏறும் பாறையில், முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர் எங்கே போவார்? கூட்டம் இருந்தால் பயம் போகும் என்பது சரிதான். ஆபத்தும் போய்விடும் என்று நான் நம்பவில்லை.

மார்கழி, சனிக்கிழமை

பத்தாம் வகுப்புக்கு மலைபடுகடாம் நடத்தும்போதெல்லாம் விருந்தோம்பல் பகுதியோடு நிறுத்திவிடுவோம்; பாடத்தில் இருப்பது அவ்வளவுதான். இன்று 583 அடிகளையும் முழுதாக உட்கார்ந்து படித்தேன். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்குச் செங்கண்மாத்து நன்னனிடம் போகும் வழியைச் சொல்கிறான். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். நன்னனின் நவிரமலை பருவதமலையே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த மலையில் உறையும் சிவனைப் பாட்டு காரியுண்டிக் கடவுள் என்று அழைக்கிறது. இன்று உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருந்தது, இதைப் பாடிய பெருங்கௌசிகனார் வழியின் ஆபத்துகளுக்கு ஒதுக்கியிருக்கும் இடம்தான். தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்காக வழியோரம் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு நடங்கள் என்கிறார். பாம்பு பதுங்கும் குழிகளைக் காட்டுகிறார். யானையை விரட்டப் புனக்காவலர் கவணில் எறியும் கல் உங்கள் மேல் படலாம், மரத்தின் பின்னால் மறைந்து கடந்துவிடுங்கள் என்கிறார். பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளவும், பொழுது சாய்ந்துவிட்டால் மேலே நடக்காமல் குகையில் தங்கவும் சொல்லித்தருகிறார். கற்பனையில் மட்டும் மலையேறிய ஒருவரால் இப்படி எழுத முடியாது.

தங்கை மகளைக் கூப்பிட்டு, விடிந்த பிறகு நடக்கச் சொல்லும் பகுதியைப் பொருள் சொல்லிப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இப்ப யாரு பெரிம்மா பன்னிக்குப் பொறி வைக்கிறாங்க?” என்றாள். பொறி இல்லாமல் இருக்கலாம். பாம்பு இருக்கிறது, வழுக்குப் பாறை இருக்கிறது. இரவில் அந்தக் காட்டில் தண்ணீர் தேடி வெளியே வரும் விலங்குகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கைவிளக்குகளும் கோஷமும் அவற்றை எவ்வளவு தூரம் விரட்டும் என்பதை யோசித்தாலே எனக்குப் பௌர்ணமி வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. இதைச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. தன் காலுக்கு வரும் ஆபத்தைவிட அது அவளைத் தொட்டது.

அரையாண்டு விடுமுறை

காலைப் பழக்கச் செஞ்சிக்குப் போனோம். கோட்டை இருக்கும் ராஜகிரி மலை சுமார் 800 அடிதான். ஆனால் படிகள் உயரம் உயரமானவை, முட்டியைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கால ராணுவ அரண்களாக 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது; மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில், செஞ்சி ஒன்றுதான் தமிழ்நாட்டில். அதற்குப் பிறகு வெளியூர் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். மேலே போகிற பலரிடம் ஒரே ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். பாதி ஏறுவதற்குள் அது காலி.

உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கும் இடத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படைக்கு ஈடுகொடுத்தார். 1698இல்தான் அந்தப் படையின் தளபதி சுல்பிகர் கானால் உள்ளே நுழைய முடிந்தது. அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதாது. சுனையும் குளமும் வேண்டும். இதைக் கட்டியவர்கள் கல்லுக்கு முன்னால் தண்ணீரைக் கணக்குப் போட்டிருப்பார்கள். இறங்கும்போது தங்கை மகள் தானாகவே சொன்னாள்: “ஆளுக்கு மூணு லிட்டர் தூக்கணும் பெரிம்மா.” நான் சொல்லியிருந்தால் ரெண்டுக்கு மேல் சம்மதித்திருக்க மாட்டாள்.

குரங்குகள் ஒரு பையனின் கையிலிருந்து பாலிதீன் பையைப் பறித்தன. கையில் எதையும் தொங்கவிடக் கூடாது, எல்லாம் முதுகுப் பைக்குள் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

தை, பொங்கல் கழிந்து

எந்த மாதம் என்பது இன்று தீர்ந்தது.

மழைக்காலம் வேண்டாம் என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. 2024 ஃபெஞ்சல் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் இறங்கி, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். நாள் முழுக்க ஊறிய மலையில் எந்தப் பாறை எப்போது நகரும் என்று கீழே நின்று சொல்ல முடியாது.

மறுபக்கம் கோடை. பங்குனியில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் போகலாமே என்றாள் தங்கை. அதற்கு நான் குரங்கணியைச் சொன்னேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர், மலையை விரும்பி வந்தவர்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது ஆளைவிட வேகமாக ஓடும், ஏனென்றால் மேலே இருக்கும் புல்லை அதன் வெக்கையே முன்கூட்டி உலர்த்திவிடுகிறது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்து, அந்தந்த மலை மக்களையே வழிகாட்டிகளாக வைத்தது. அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்றே இதைச் சொல்வேன். மலையைத் தெரிந்தவர் முன்னால் நடக்க வேண்டும் என்பதைச் சங்க காலத்துக் கூத்தனும் ஒப்புக்கொள்வான்.

ஆக, மழை ஓய்ந்து, புல் இன்னும் முழுதாகக் காயாத தை மாதம். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வேலைநாள். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தை, வெள்ளிக்கிழமை

அடிவாரத்துத் தென்மாதிமங்கலத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் எண், எங்கள் தெருவில் பூ விற்கிறவர் மூலம் கிடைத்தது. அரைமணி நேரம் பேசினார். இணையத்தில் பார்த்த காணொளி எதிலும் இத்தனை விவரம் இல்லை.

கடலாடிப் பக்கம் காட்டுப் பாதை, முதல் தடவை வருகிறவர்களுக்கு வேண்டாம், பச்சையம்மன் கோயில் வழியாகவே வாங்க என்றார். முதலில் வரும் படிக்கட்டைப் பார்த்து ஏமாந்து வேகமாக ஏறிவிடக் கூடாதாம். மூச்சு வேண்டியது அதற்கப்புறம். கடப்பாரைப்படி, தண்டவாளப்படி, ஏணிப்படி, ஆகாயப்படி என்று வரிசையாகப் பெயர் சொன்னார். “காத்து அடிச்சா ஆகாயப்படியில நின்னு போட்டோ எடுக்காதீங்க. எறங்குறப்போ மலையப் பாத்து எறங்குங்க, பள்ளத்தப் பாத்து எறங்காதீங்க.” வனத்துறை ஆட்கள் எந்த நேரத்துக்குமேல் ஏற விடுவதில்லை, அன்றைக்கு வழி திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் முதல்நாள் சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். கடைசியாக, “தண்ணி பாட்டில மேலயே போட்டுட்டு வந்துடாதீங்கம்மா. நாங்கதான் பொறுக்குறோம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தை, ஞாயிறு

மலைபடுகடாத்தில் மறுபடியும் ஓரிடத்தில் நின்றேன். ஆளில்லாத காட்டில் வழி பிரியும் இடத்தைத் துடைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான் கூத்தன். போகிறவர்கள் தாங்களே புதியவர்கள். ஆனாலும் தங்களுக்குப் பின்னால் இன்னும் புதியவர்கள் வருவார்கள் என்ற நினைப்பு அவர்களுக்கு வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். இன்று பாதையோரப் பாறைகளில் பெயிண்டால் பெயரெழுதும் பிள்ளைகளின் வகுப்பில் இதை நடத்தியே ஆக வேண்டும். தேர்வுக்கு வருகிறதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை.

மூட்டை கட்டினோம். தலைக்கு மூன்று லிட்டர், எல்லாம் எவர்சில்வர் பாட்டிலில். புளிச்சோறு, வெல்லம், எலுமிச்சை. மோர் கனம் என்று தங்கை மகள் விட்டுவிட்டாள். பிடிமானம் உள்ள பழைய கான்வாஸ் ஷூ. புதிது வாங்கவில்லை, புதுச் செருப்பு கடிக்கும். விசில் ஒன்று. காலிப் பொட்டலங்களுக்கும், வழியில் கிடப்பதைப் பொறுக்கவும் தனியாக ஒரு துணிப்பை.

விடியற்காலை முதல் பேருந்தில் அவலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை, அங்கிருந்து அடிவாரம். பச்சையம்மனைக் கும்பிட்டு, வெளிச்சம் நன்றாக வந்ததும் ஏறத் தொடங்குவது. ஒரு விஷயத்தில் மட்டும் இன்று இரவு வரை பேச்சு நீண்டது: மதியம் பன்னிரண்டு ஆகியும் உச்சி வரவில்லை என்றால்?

“எங்க நின்னாலும் திரும்பிடணுமா பெரிம்மா? கோயில் கண்ணுக்குத் தெரிஞ்சாலும்?”

தெரிந்தாலும் என்றேன். இறங்கவும் ஏறிய அளவுக்கு நேரம் பிடிக்கும். முட்டி இறங்கும்போதுதான் விட்டுக்கொடுக்கும். ஆகாயப்படியிலோ கடப்பாரைப்படியிலோ இருட்டுக் கட்டிவிடக் கூடாது. அவள் தன் கைபேசியில் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து, என்னுடையதிலும் வைத்துக் கொடுத்தாள்.