யாருக்குத் திதி?

மே மாதம் வந்தால் போதும், கைப்பேசியில் தீவுகளாக வந்து குவியும். மாலத்தீவு மூன்று இரவு நான்கு பகல், பாலி ஐந்து இரவு ஆறு பகல், அந்தமான் என்றால் விமான டிக்கெட்டும் சேர்த்து. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. இதையெல்லாம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தண்ணீர் வண்டிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பார்ப்பது தனி அனுபவம்தான்.

1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ திருச்சுழிக்கு ஆட்கள் வருகிறார்கள். சரி, திருச்சுழிக்காரர்கள் சுற்றிப் பார்க்க எங்கே போகிறார்கள்? யோசித்தால் பதில் சட்டென்று வராது. குலதெய்வம் கோயில், சித்திரைக்கு மதுரை, யார் வீட்டுக் கல்யாணமாவது இருந்தால் அந்த ஊர். அவ்வளவுதான்.

அந்தக் கிராமத்து வீடு ஒன்றில் இந்த வருடம் பேச்சு ஆரம்பித்தது. அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்குப் போகிறவர். மகள் அதே ஊரில் பி.காம். கடைசி வருடம். "ஒரு தடவையாவது ஏதாவது தீவுக்குப் போகணும்ப்பா" என்றாள். அப்பா சிரித்தார். "ராமேஸ்வரமும் தீவுதானே, போயிட்டு வருவோம்" என்றார்.

திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "யாருக்குடி திதி?"

கேள்வியில் தப்பே இல்லை. அப்பத்தா அந்தத் தீவுக்கு மூன்று முறை போயிருக்கிறார். முதல் முறை மாமியார் அஸ்தியைக் கரைக்க. இரண்டாவது முறை தாத்தாவின் அஸ்தி. மூன்றாவது, ஒரு ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, ஈரச் சேலையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தத்துக்கும் ஓடி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த பழைய சேலையைக் கரையிலேயே விட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியாயிற்று. மணலில் உட்கார்ந்தது இல்லை. தனுஷ்கோடி பார்த்தது இல்லை. சுற்றிலும் கடல் உள்ள ஊரில் ஒரு துண்டு மீன் சாப்பிட்டது இல்லை. திதிக்குப் போன இடத்தில் யார் கவிச்சி சாப்பிடுவார்கள்?

குண்டாற்றில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரர்களுக்கு, கடலைப் பார்க்க வீட்டில் ஒரு சாவு விழ வேண்டியிருக்கிறது. சுமார் 150 கிலோமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்தைச் சும்மா, சந்தோஷத்துக்காகக் கடக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிற பெண் சும்மா இருப்பாளா? நோட்டில் கோடு போட்டுவிட்டாள். ஐந்து பேர், இரண்டு நாள். ரயில் கட்டணம், ஒரு ராத்திரி ரூம் வாடகை, சாப்பாடு, தனுஷ்கோடி போக வண்டி. கடைசியில் ஒரு வரி: "அப்பாவின் இரண்டு நாள் கூலி." காசாகக் கையை விட்டுப் போகாததும் செலவுதான் என்று வகுப்பில் படித்திருக்கிறாளே! மொத்தத்தில் பெரிய வரி அதுதான்.

பணத்தை விடக் கஷ்டம், தேதி குறிப்பது. அவளுக்கு மூன்று வேண்டும்: கடற்கரை, திருவிழா, நல்ல மீன் சாப்பாடு. மூன்றும் ஒரே தேதியில் மாட்டவில்லை.

லீவு விடுவது மே மாதம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற நேரம் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். நாட்டுப்படகு மட்டும்தான் போகும். மீன் குறைவு, விலை ஏறிக் கிடக்கும். பட்ஜெட் போட்டு வருகிறவர்களுக்குச் சரிப்படாது.

ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் புயலும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. ஊரோடு ஒரு பயணிகள் ரயிலும் போனது. இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் அங்கே நிற்கிறது. மார்கழி, தை என்றால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அடுத்து தை அமாவாசைக் கூட்டம்.

கடைசியில் வழி காட்டியது அம்மாதான். "ஆடியில போவோம். அமாவாசை முடிஞ்சு கூட்டம் வடியட்டும். அதுக்கப்புறம் அம்மனுக்குத் திருக்கல்யாணம் வருமில்ல?" என்றார்.

பார்த்தால் மூன்றும் பொருந்துகிறது! ராமநாதசுவாமிக்கும் பர்வதவர்த்தினி அம்மனுக்கும் ஆடியில் திருக்கல்யாணம். நம் வீடுகளில் ஆடியில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள், அங்கே சாமிக்கே கல்யாணம். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஆடிக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எகிறும். அதை ஆண் கடல் என்கிறார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், அது அப்போது அடங்கி இருக்கும். கால் நனைக்க அந்தப் பக்கம், பார்த்து மிரள இந்தப் பக்கம். அரிச்சல்முனையில் மட்டும் குளிக்க இறங்கக் கூடாது, சுழல் ஆபத்து. முன்பு மணலில் வேன் பிடித்துப் போன இடத்துக்கு 2017 முதல் கடைசி வரை தார்ச்சாலை இருக்கிறது. பகலில் போய்விட்டு இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும்.

பாம்பன் தாண்ட ரயில்தான் என்று தம்பி அடம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று போகிற பாதையில் மானாமதுரை போய், அங்கே ராமேஸ்வரம் ரயிலுக்கு மாற வேண்டும். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்பும். தம்பி பட்டியலில் இன்னொன்று, பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம்.

எல்லாம் முடிவானது, அப்பத்தாவைத் தவிர. "எனக்கு எதுக்கு? நான்தான் மூணு தடவ பாத்துட்டேனே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. நோட்டில் ஐந்து பேர் என்று எழுதியதையும் அவள் மாற்றவில்லை.

நான்கு நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பத்தாவே ஆரம்பித்தார்.

"திதிக்குப் போகலேன்னா, அங்கன மீன் திங்கலாமா?"

அம்மா ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தார். "திங்கலாம் அத்தை. மொத நாள் கோயிலுக்குப் போவோம், கல்யாணம் பாப்போம். மறுநாள் கடலுக்குப் போயிட்டு மீன் திம்போம்."

"அப்ப பழைய சேல கொண்டுவர வேண்டியதில்ல?"

"வேண்டாம். நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வாங்க."

அந்த ராத்திரியே நோட்டில் பயணத் திட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதல் நாள்: கோயில், சைவம். இரண்டாம் நாள்: கடல், மீன். செலவுக் கணக்கில் ஒரு வரி கூடியது: அப்பத்தாவுக்குப் பொரித்த மீன் தனியாக ஒரு தட்டு. மொத்தத்தைத் திரும்பக் கூட்டிப் பார்த்து, சமாளிக்கலாம் என்று பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஊர் இருக்கும், துக்கத்துக்கு மட்டும் போய்வந்த ஊர். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாலத்தீவு எங்கேயும் ஓடிவிடாது.