‘இன்னும் முன்னேறு’ என்று சொல்வது யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். ஜனவரியில் ஒரு சீசன் முடிந்ததிலிருந்து அதுவரை அந்நாட்டு விளையாட்டுப் பக்கங்களில் ஒரே வகைச் செய்திதான். வரும் சீசனில் கட்டாயம் தேறியாக வேண்டியவர் யார், போன வருடம் சொதப்பியவர்களில் யாருடைய இடம் போகும், யார் எடை ஏற்ற வேண்டும், யார் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு 19, 20 வயது. அவர்களில் பலர் கறுப்பின இளைஞர்கள்.

நாங்கள் சமூகப் பணியில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறோம், விவாதிக்கிறோம். சில வாரங்களாகக் கறுப்பின விளையாட்டு வீரர்களின் போராட்டங்களை வாசித்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணா, அவங்கெல்லாம் இப்ப கோடிக்கணக்குல வாங்குறாங்க. அவங்க கஷ்டம் நமக்கு எதுக்கு?” நியாயமான கேள்விதான். பதிலை எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஒன்று. இந்த உறவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டத்தகாதவர்களின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். டு பாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்கள் அமைப்புக்கு தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தபோது அவர்கள் மனதில் இருந்தது அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள். அவர்களைப் பற்றி வாசிப்பது நமக்கு ஊர்வம்பு அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். இது நம் தெருவில் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் எதிராளியை மோதிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். அதைக் கல்லூரி மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க வரும் கூட்டம் நம்மால் நம்ப முடியாத அளவு. மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். முன்னணிப் பயிற்சியாளர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 1 கோடி டாலரைத் தாண்டும். பல மாநிலங்களில் ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் அவர்தான். ஆடும் பையனுக்கோ பல பத்தாண்டுகளாகக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும்தான் கூலி.

அந்தக் கல்வி உதவியும் நிலையானதாக இருக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது 1973இல் நான்காண்டு உதவித்தொகையை ஓராண்டாக மாற்றியது. அதாவது ஒவ்வொரு வருடமும் பயிற்சியாளர் மனது வைத்தால்தான் அடுத்த வருடப் படிப்பு. பலவருட உதவிக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2012இல். சரியாக ஆடவில்லை என்ற காரணத்துக்காக உதவியை நிறுத்தக் கூடாது என்று பெரும் பணக்கார ஐந்து கூட்டமைப்புகள் விதி செய்தது 2015இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ‘அடுத்த சீசனில் முன்னேறு’ என்ற சொல்லுக்கு ‘இல்லையென்றால் வீட்டுக்குப் போ’ என்ற பொருளும் இருந்தது. இன்றும் “உனக்கு இங்கே ஆட வாய்ப்பு வராது, வேறு இடம் பார்த்துக்கொள்” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நிற்கவில்லை.

வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று 1991 முதல் விதி இருக்கிறது. ஆனால் கோடையில் நடக்கும் பயிற்சிகளுக்கு ‘விருப்பப் பயிற்சி’ என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். விருப்பப்பட்டு வராதவன் பெயர் ஆட்டக்காரர் வரிசையில் கீழே இறங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். நம் ஊரில் ‘விருப்பமிருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரலாம்’ என்று மேஸ்திரி சொல்வது போலத்தான் இதுவும்.

இவர்களை ஏன் தொழிலாளர் என்று யாரும் சொல்லவில்லை? அதற்கென்றே ஒரு சொல் உண்டாக்கப்பட்டது. 1955இல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, ஆகவே இழப்பீடு கிடையாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் சொல்லிவிட்டது. இத்தகைய வழக்குகள் பெருகிவிடுமோ என்ற பயத்தில் என்.சி.ஏ.ஏ. புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்தான் ‘மாணவ விளையாட்டு வீரர்’. அந்த அமைப்பை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸே ஓய்வுக்குப் பின் எழுதிய நூலில் இதை ஒப்புக்கொண்டார். உழைப்பவரைத் தொழிலாளர் என்று அழைக்காமல் இருக்க ஒரு கௌரவமான பெயரைக் கண்டுபிடிப்பது நமக்குப் பழகிய தந்திரம். குப்பை அள்ளுபவரைத் ‘தூய்மைக் காவலர்’ என்று அழைத்துவிட்டு நிரந்தர வேலை தராமல் இருப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

முன்னேற்றத்துக்கான இந்த நெருக்கடி உயிரையும் எடுக்கிறது. 2018 மே 29 அன்று, சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போது, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 19 வயதுக் கறுப்பின வீரர் ஜோர்டன் மெக்நேர் தொடர் ஓட்டப் பயிற்சியில் சுருண்டு விழுந்தார். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வெப்பத்தைக் குறைக்கும் சிகிச்சையை அங்கே யாரும் செய்யவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார். பல்கலைக்கழகத் தலைவரே பின்னர் சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்பதாக அறிவித்தார். இந்த நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மோதலில் அடிபட்டு இறந்தவர்களைவிட, இப்படிப் பயிற்சியில் உடல் தாங்காமல் விழுந்து இறந்தவர்கள்தான் அதிகம். தாகம் எடுத்தாலும் கேட்காதே, மூச்சு வாங்கினாலும் நிற்காதே என்பது அங்கே மன உறுதி என்று கற்பிக்கப்படுகிறது.

இதில் நிறம் எங்கே வருகிறது? ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் 65 பல்கலைக்கழகங்களை ஆய்ந்து சமூக ஆய்வாளர் ஷான் ஹார்ப்பர் 2018இல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே இளநிலை மாணவர்களில் கறுப்பின ஆண்கள் 2.4 சதவீதம். கால்பந்து அணிகளில் 55 சதவீதம். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுவோர் மொத்த மாணவர்களில் 76 சதவீதம். கறுப்பின ஆண் வீரர்களில் 55 சதவீதம்தான். வகுப்பறைக்கு வராதே, மைதானத்துக்கு வா என்று எந்த விதியும் எழுதப்படவில்லை. விளைவு மட்டும் அப்படி இருக்கிறது. இத்தனைக்கும் கல்லூரியிலிருந்து தொழில்முறை லீக்குக்குத் தேர்வாகும் தகுதி வந்தவர்களில் தேர்வாவோர் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை.

நாங்கள் முதுகலை படிக்கும்போது ‘அடுக்கல்’ என்ற கருத்தைப் படித்தோம். 1970இல் லாய், மெக்எல்வோக் என்ற இரு சமூகவியலாளர்கள் காட்டியது: அணியில் இடம் கிடைத்த பிறகும், ஆட்டத்தை வழிநடத்தும் நடு இடங்களில் வெள்ளையரும் ஓடவும் தடுக்கவும் வேண்டிய ஓரத்து இடங்களில் கறுப்பரும் குவிந்திருந்தார்கள். ஒருவருக்கு மூளை, இன்னொருவருக்கு உடல் என்ற பிரிவினை. இதை எங்கள் வட்டத்தில் விளக்கியபோது யாருக்கும் உதாரணம் தேவைப்படவில்லை. ஊர் விழாவில் பந்தல் நடவும் பறை அடிக்கவும் யார், மேடையில் உட்கார யார் என்று அவர்களே சொன்னார்கள்.

ஆனால் அந்த வீரர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. நம் மாணவர்கள் குறித்துவைக்க வேண்டிய பகுதி இதுதான். 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பின வீரர்கள், ஒரு போட்டியில் கறுப்புப் பட்டை அணியலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்கப் போனார்கள். எதிரணி மார்மன் சபையின் பல்கலைக்கழகம். அந்தச் சபை அன்று கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் மறுத்துவந்தது. கேட்கப் போன 14 பேரையும் பயிற்சியாளர் அணியிலிருந்து நீக்கினார். அதுவரை தோல்வியே காணாத அணி அது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க 50 ஆண்டுகள் ஆயின. 1970இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேர் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கேட்டவை: வெள்ளை வீரர்களுக்குக் கிடைக்கும் அதே பாட உதவி, நல்ல மருத்துவம், ஒரு கறுப்பினப் பயிற்சியாளர், திறமை பார்த்து ஆட வாய்ப்பு. கவனியுங்கள், தகுதிப்படி நடத்து என்று கேட்டது கறுப்பினத்தவர்தான்.

2015 நவம்பரில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இனவெறிச் சம்பவங்களைக் கண்டித்து ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார். நிர்வாகம் அசையவில்லை. கறுப்பினக் கால்பந்து வீரர்கள், பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் பதவி விலகும்வரை ஆடமாட்டோம் என்று அறிவித்தார்கள். பயிற்சியாளரும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த வாரப் போட்டி நடக்காவிட்டால் பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும். இரண்டே நாளில் தலைவர் விலகினார். உண்ணாவிரதத்துக்கு இரங்காத நிர்வாகம் வருமானம் நிற்கும் என்றதும் இறங்கிவந்தது.

எல்லாப் போராட்டமும் வெல்லவில்லை. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் கேட்டார்கள். அவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி தீர்ப்பளித்தார். வாக்கெடுப்பும் நடந்தது. 2015இல் தேசிய வாரியம் இதில் தலையிட மறுத்தது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

தம்பி சொன்ன கோடிகளுக்கு வருவோம். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், கல்வி தொடர்பான சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த வரம்பை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றது. அடுத்த மாதம் முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025இல் ஒரு வழக்குச் சமரசத்தால் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் பங்கு தரலாம் என்றானது. இது போராடிப் பெற்ற உரிமை, கொண்டாட வேண்டியது. ஆனால் பெருந்தொகை போவது சில நட்சத்திரங்களுக்கு. மற்றவருக்கு நெருக்கடி கூடியிருக்கிறது. முன்பு படிப்பை இழக்க நேரும் என்று பயந்த பையன் இப்போது ‘வாங்கின காசுக்கு ஆடு’ என்ற வசவையும் கேட்கிறான். சங்கம் இல்லை, பேரம் பேசும் உரிமை இல்லை.

நம் பக்கத்திலும் இது நடக்கிறது. எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு தம்பி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவர். அப்பா சுமை தூக்குகிறார். சேர்க்கும்போது மூன்று வருடமும் கட்டணம் இல்லை என்றார்கள், எழுதித் தரவில்லை. முதல் வருடம் அணி அரையிறுதியில் தோற்றது. “அடுத்த சீசன்ல தேறலைன்னா ஃபீஸ் கட்டிட்டுத்தான் உள்ள வரணும்” என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு முழங்காலில் காயம், ஸ்கேன் எடுக்கக் காசில்லை. காலை ஐந்தரைக்கு மைதானம், விடுதியில் திரும்பி வரும்போது மிஞ்சியிருப்பது ஆறிப்போன பொங்கல். முன்னேறு என்றவர்கள் யாரும் முட்டைக்கும் மருத்துவத்துக்கும் பொறுப்பேற்கவில்லை.

அவர் தனியாகப் போய்க் கெஞ்சத்தான் இருந்தார். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அதே நிலையில் இருந்த ஆறு பேரைச் சேர்த்தார். ஏழு பேரும் கையெழுத்திட்டு, கட்டணச் சலுகையின் நிபந்தனைகளை எழுத்தில் தரும்படி மனு கொடுத்தார்கள். ஒரு மாதம் இழுத்தடித்த பிறகு, இரண்டாம் வருடத்துக்கு மட்டும் கட்டண விலக்கு என்று கடிதம் வந்தது. காயத்துக்கான செலவு பற்றி அதில் ஒரு வரி இல்லை. மூன்றாம் வருடத்துக்கு மறுபடி போக வேண்டும். போவோம்.

‘தகுதி இல்லை’, ‘இன்னும் முன்னேற வேண்டும்’ என்ற சொற்களை நாம் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். உழைப்புக்கும் பயிற்சிக்கும் நாம் எதிரிகள் அல்ல. நன்றாக ஆடுவது சந்தோஷம், அதை யாரும் நம்மிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் ஒருவர் நம்மை முன்னேறச் சொல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். அதற்கான சாப்பாடு, மருத்துவம், பாட உதவியை யார் தருகிறார்? நாம் முன்னேறினால் வரும் பணமும் பெயரும் யாருக்குப் போகும்? முடியாமல் போனால் படிப்பு என்னவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், அணியாகப் போங்கள்.