ஒலி பிறக்கும் இடம்

கடலூர் முதுநகரில் என் சாச்சா வீட்டு மாடியறையில் பழைய பல்லூடகக் கணினி ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. 1996இல் வாங்கியது. 2011 டிசம்பரில் தானே புயல் அவ்வறையின் தகரக் கூரையைப் பெயர்த்தெறிந்தபோது, கட்டிலின் அடியில் இருந்தமையால் தப்பியது. சிதம்பரத்திலிருந்து நான் சென்ற மாதம் போயிருந்தபோது, "பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா தம்பி?" என்று சாச்சா வினவினார். குரலில் வருத்தமே மிகுந்திருந்தது.

காரணம் அறிவேன். இளமையில் அக்கணினியில் அவர் தாமே ஒரு மெட்டு அமைத்திருந்தார். அக்கோப்பைப் படியெடுத்து என் மடிக்கணினியில் முன்பொருமுறை ஒலிக்கச் செய்தேன். கேட்டவர், "சுரம் நான் போட்டதுதான், குரல் வேறு யாருடையதோ!" என்று எழுந்து சென்றுவிட்டார்.

இம்முறை இருவரும் கணினியைத் திறந்தோம். அந்நாளில் பெரும்பாலான கணினிகளில் ஒலிக்கெனத் தனி அட்டை செருகுவர். இதிலோ யமஹாவின் ஒய்.எம்.எஃப். 262 என்னும் ஒலிச்சில்லு தாய்ப்பலகையிலேயே ஈயப்பற்றால் பொருத்தப்பட்டிருந்தது. எந்த இசைக்கருவியின் ஒலிப்பதிவும் அதனுள் இல்லை. ஓர் அலையால் மற்றோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து, புதிய ஒலியை அது அவ்வப்போதே ஆக்குகின்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த முறை இது.

மெட்டுக் கோப்பிலும் ஒலி இல்லை. எந்தச் சுரம், எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்னும் குறிப்புகளே உள்ளன. ஆதலின் சில கிலோபைட்டுகளில் அது அடங்கிவிடுகின்றது. அதே இசையைக் குறுந்தட்டின் தரத்தில் பதிவு செய்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். என் மடிக்கணினி, தன்னிடம் பதிவாகியிருந்த கருவி ஒலிகளைக் கொண்டு அக்குறிப்பை வாசித்திருக்கின்றது. சாச்சாவின் செவி பிழை செய்யவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாளில் தொல்காப்பியப் பிறப்பியலைப் பாடமாகக் கேட்டவன் நான். உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகப் பிறக்கும் என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். எழுத்து ஏட்டில் இருக்கலாம். ஒலிக்கு உடல் வேண்டும். அவ்வுண்மை அந்த மாடியறையில்தான் விளங்கிற்று.

தூசியைத் தூரிகையால் அகற்றி, தாய்ப்பலகையின் பழைய மின்கலத்தை மாற்றினோம். உப்புக்காற்று எதை அரித்திருக்குமோ என்னும் அச்சத்துடனேயே விசையை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. சற்றே உலோகச் சாயல் கொண்ட குழலொலியில் மெட்டு எழுந்தது. சாச்சா கண்களை மூடிக்கொண்டு, "இதுதான்" என்றார்.

ஒலி வெளிவரும் துளையில் கம்பியைச் செருகி, அக்குரலை என் மடிக்கணினியில் பதிவு செய்துகொண்டேன். கணினி இன்றும் அக்கட்டிலின் அடியிலேயே இருக்கின்றது. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துப் பழம்பொருளைக் கழிப்பதற்குமுன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அதனை ஆண்ட பெரியவரும் அருகில் இருக்கட்டும். எது உண்மையான குரல் என்று சொல்ல வல்லவர் அவர் ஒருவரே.